ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்பா தொடங்கிய சிறிய இன்ஜினியரிங் யூனிட்டை எட்டு வருடமாக நான் நடத்துகிறேன். லேத்து, சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்), வெல்டிங் மூன்றும் உண்டு. மொத்தம் 42 பேர், ஷெட்டில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஆண்கள். போன வருடம் 19 பேரை வேலைக்கு எடுத்தேன். 4 பேர் ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு வரவே இல்லை, போன் செய்தால் எடுப்பதும் இல்லை. வந்த 15 பேரில் 9 பேர் மூன்று மாதம்கூடத் தாண்டவில்லை. 16,700 ரூபாய் சொல்லித்தான் எடுக்கிறேன், இருந்தும் கூடுதல் சம்பளத்துக்கு ஓடுகிறார்கள். அப்பா காலத்தில் முப்பது வருடம் ஒரே இடத்தில் இருந்தவர்கள் உண்டு. பக்கத்து யூனிட் நண்பர் சொன்னதால், இப்போது புதிதாகச் சேர்ந்த மூன்று பேரின் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி என் மேஜையில் வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் விட்டுப் போகமாட்டேன் என்று பாண்ட் எழுதி வாங்கலாமா? கான்ட்ராக்டர் மூலம் வடமாநில ஆட்களை எடுத்துவிடலாமா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே கிடையாதா? ஆஃபர் லெட்டரின் நகலையும், விட்டுப்போனவர்களின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.
- ராணிப்பேட்டை வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயா,

அந்த இரண்டு தாள்களையும் இணைத்து அனுப்பியது நல்ல காரியம். கடிதத்தை ஒருமுறை படித்தேன். ஆஃபர் லெட்டரையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அவற்றில்தான் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மூன்று பேரின் சர்ட்டிபிகேட்.

இருபத்திரண்டு வருடமாக ஆம்பூர், ராணிப்பேட்டை, காட்பாடி என்று இந்தப் பக்கமே எச்.ஆர். வேலை பார்த்துவிட்டேன். முதன்முதலில் சேர்ந்தது ஒரு தோல் பொருள் கம்பெனியில். வேலைக்குச் சேருகிறவர்களிடம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி. எல்லாம் வாங்கி, பழுப்புக் கவரில் போட்டு, மேலே பெயரும் டோக்கன் நம்பரும் எழுதி, ஸ்டீல் பீரோவில் அடுக்குவது என் வேலை. பீரோ சாவி என்னிடம்தான் இருக்கும். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண் ஒருநாள் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, நாளை மறுநாள் கடைசி நாள், ஒரிஜினல் வேண்டும் என்றாள். நோட்டீஸ் பணம் கட்டினால்தான் கவரைக் கொடுக்கலாம் என்பது கம்பெனி விதி. மேனேஜர் வெளியூர் போயிருந்தார். நான் விதியைச் சொன்னேன். மறுநாள் அவள் அப்பா வந்தார். உள்ளே விடவில்லை என்பதால் கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். மேனேஜர் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டு, நான் பீரோவைத் திறந்து கவரை எடுத்துக் கொடுத்தபோது கடைசி நாள் தாண்டிவிட்டது. அவள் கவரைப் பிரித்தாள். ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தாள். ஒரு பாலிதீன் பையில் போட்டு முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

என் கையில் சாவி இருந்தது, நான் திறக்கவில்லை. அதை நினைக்காத வருடம் கிடையாது. அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் ஒரிஜினலைப் பார்த்துச் சரிபார்த்து, நகல் எடுத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்க வைத்திருக்கிறேன். ஒருவருடைய சான்றிதழ் அவருடைய சொத்து. வேலை கொடுக்கிறோம் என்பதால் அதை அடகு பிடிக்க நமக்கு உரிமை வந்துவிடாது.

மனசாட்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தொழில் கணக்காகவே பார்த்தாலும் இது கையைச் சுடும் வேலை. ஒரிஜினலைக் கேட்டதும் கொடுத்துவிட்டுச் சேருகிறவர் யார்? வேறு போக்கிடம் இல்லாதவர். கையில் தொழில் இருக்கிற பையன் 'வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் சார்' என்று எழுந்து போய்விடுவான். வராமல் போன அந்த 4 பேரிடம் சர்ட்டிபிகேட் விஷயத்தைச் சொல்லியிருந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

பாண்ட் பற்றி நிறையப் பேர் இப்போது கேட்கிறார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் சொன்ன தீர்ப்புதான் காரணம். மூன்று வருடத்துக்குள் வேலையை விட்டால் 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்று அந்த வங்கி போட்டிருந்த நிபந்தனை செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. 'பார்த்தீர்களா, பாண்ட் செல்லும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரே சுற்று. முழுசாகப் பார்க்க வேண்டும். அது பொதுத்துறை வங்கி. அந்தப் பணிக்கு ஆள் எடுக்க விளம்பரம், தேர்வு என்று பெரிய செலவு ஆகிறது, நடுவில் ஒருவர் விலகினால் அத்தனையும் மறுபடி செய்ய வேண்டும் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, தாளில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். நீங்கள் ஒரு பையனை வெளியூர் அனுப்பி, பணம் கட்டி, மூன்று மாதம் புரோகிராமிங் பயிற்சி கொடுத்தால், அந்தச் செலவுக்கு ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்வதில் தப்பில்லை. வந்த முதல் நாளே லேத்தில் நிற்க வைக்கிற பையனிடம் எதற்கு பாண்ட்? மாதம் பன்னிரண்டாயிரம் வாங்குகிறவன் மேல் வழக்குப் போட்டு எத்தனை வாய்தாவுக்கு நீங்கள் நடப்பீர்கள்?

இனி உங்கள் தாள்களுக்கு வருகிறேன்.

பட்டியலில் ஒன்பது பேர். பெயரை விட்டுவிட்டுத் தேதிகளை மட்டும் பார்த்தேன். ஐந்து பேர் முதல் சம்பளம் வாங்கிய அதே வாரத்தில் விட்டிருக்கிறார்கள். உங்கள் சம்பள நாள் 7ஆம் தேதி. அந்த ஐந்து பேரின் கடைசி நாள் எல்லாம் 8க்கும் 12க்கும் நடுவில். மூன்று பேர் சேர்ந்த பத்து நாளுக்குள் போயிருக்கிறார்கள், மூவரும் இரண்டாவது ஷிப்ட். மிச்சம் ஒரே ஒருவர் இரண்டரை மாதம் இருந்துவிட்டு ஒரகடம் போயிருக்கிறார். கூடுதல் சம்பளத்துக்கு ஓடுகிறார்கள் என்று நீங்கள் வருத்தப்படுவது இந்த ஒருவருக்கு மட்டும்தான் பொருந்துகிறது.

முதல் சம்பளத்தோடு போன ஐந்து பேருக்கு என்ன நடந்தது? ஆஃபர் லெட்டரின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'மாத ஊதியம் ரூ.16,712' என்று இருக்கிறது. கணக்கு இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில். அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். உண்மையான சம்பளம் 14,500. நீங்கள் கட்டும் பி.எப். பங்கு 12 சதவீதம், 1,740. நீங்கள் கட்டும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பங்கு 3.25 சதவீதம், 472. இவை மூன்றும் சேர்ந்ததுதான் 16,712. இனி பையனின் பங்கைப் பிடிக்க வேண்டும்: பி.எப். 1,740, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 109. போக 12,651. அதிலும் முதல் மாதம் சேஃப்டி ஷூவுக்கும் யூனிபார்முக்கும் என்று 1,500 பிடித்திருக்கிறீர்கள். ஆக, பேங்க் மெசேஜில் அவன் பார்த்த தொகை 11,151.

கலவையிலிருந்தோ திமிரியிலிருந்தோ வருகிற ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பதினாறாயிரத்து எழுநூறு என்று அம்மாவிடம் சொல்லியிருப்பான். அம்மா அதை நம்பி சீட்டு ஒன்று சேர்ந்திருப்பார், இல்லை குழுக் கடன் தவணைக்குச் சொல்லி வைத்திருப்பார். 7ஆம் தேதி சாயங்காலம் போனில் 11,151 என்று வருகிறது. ஐயாயிரத்து ஐந்நூறு எங்கே போனது என்று வீட்டில் கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று சொல்வான், இல்லாவிட்டால் அவன் பொய் சொன்னதாக வீட்டில் நினைப்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் எட்டாம் தேதி அவன் வரமாட்டான். இதில் பொறுப்பில்லாதவன் யார்?

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். பெரிய கம்பெனிகள் சிடிசி (ஒரு ஆளுக்குக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று போடுகின்றன, உங்கள் அக்கவுண்டன்ட் அந்த மாதிரியை எடுத்து அப்படியே அடித்துவிட்டார். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்குச் சிடிசி என்றால் என்னவென்று தெரியும். ஐடிஐ முடித்து முதல் வேலைக்கு வருகிறவனுக்குத் தெரியாது. அவனுக்குச் சம்பளம் என்றால் கைக்கு வருவது.

அதனால் லெட்டரை மாற்றுங்கள். முதல் வரியிலேயே 'கைக்கு வருவது 12,651' என்று போடுங்கள். அடுத்த வரியில், உன் பெயரில் பி.எப். கணக்கில் மாதாமாதம் சேருகிற தொகை இவ்வளவு என்று எழுதுங்கள். வாயாலும் சொல்லுங்கள். முடிந்தால் சேருகிற நாளில் அவன் வீட்டுப் பெரியவர் ஒருவரை வரச் சொல்லி அவருக்கும் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அவனை நம்பி வாழும் அம்மா அப்பாவுக்கும் வைத்தியம் பார்க்கலாம் என்பதும், உடம்புக்கு முடியாமல் படுத்தால் வருடத்துக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பதும் நம் ஊரில் பாதிக் குடும்பங்களுக்குத் தெரியாது. குறைந்தபட்ச நாட்கள் பங்குத்தொகை கட்டியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். அந்த 109 ரூபாய் எதற்குப் பிடிக்கிறார்கள் என்று புரிந்த அம்மா, பையனை வேலைக்கு அனுப்பி வைப்பார்.

சேஃப்டி ஷூவுக்குப் பிடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பாதுகாப்புக்காகக் கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், பணியிடப் பாதுகாப்புக்கான தொகுப்பில் அது தெளிவாக இருக்கிறது. எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பதும், ஒருவர் விலகினால் அவர் கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே தொகுப்புகளில் உண்டு. அந்த ஒன்பது பேருக்கும் செட்டில்மென்ட் போய்விட்டதா? போகவில்லை என்றால் உடனே அனுப்புங்கள். விட்டுப்போனவன் ஊரில்தான் இருக்கிறான். அவன் சொல்வதைக் கேட்டுத்தான் அடுத்தவன் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறான்.

பத்து நாளுக்குள் போன மூன்று பேரைப் பற்றி என்னால் ஊகிக்கத்தான் முடியும். இரண்டாவது ஷிப்ட் இரவு பத்தரைக்கு முடிகிறது என்று லெட்டரில் இருக்கிறது. அந்த நேரத்துக்குச் சிப்காட்டிலிருந்து முத்துக்கடை பஸ் ஸ்டாண்டுக்கு ஒருவன் எப்படி வருவான்? வந்தால் அங்கிருந்து அவன் ஊருக்கு பஸ் இருக்கிறதா? ஒருநாள் நீங்களே வண்டியை விட்டுவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் அவர்களோடு நடந்து பாருங்கள். ஒரு ஷேர் ஆட்டோவை மாத வாடகைக்குப் பேசிவிட்டால் தீர்கிற பிரச்சினையாக இருக்கலாம்.

பஸ் காரணமாக இல்லாமலும் போகலாம். அந்த ஷிப்டில் சூப்பர்வைசர் யார்? உங்கள் அப்பா காலத்து ஆளாக இருப்பார், வேலையில் கெட்டிக்காரராக இருப்பார். புதுப் பையனை அவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்று சொல்லாமல் போய் நின்று கேளுங்கள். டூல் உடைந்தால் நாலு பேர் முன்னால் 'உனக்கெல்லாம் எவன்டா சர்ட்டிபிகேட் கொடுத்தான்' என்று கேட்பவராக இருந்தால், எந்தச் சம்பளமும் அங்கே ஆளைப் பிடித்து வைக்காது. நான் விட்டுப்போனவர்களிடம் நிறையப் பேசியிருக்கிறேன். லெட்டரில் 'சொந்தக் காரணம்' என்று எழுதுவார்கள். கொஞ்ச நேரம் பேசினால் ஒரு ஆளின் பெயர் வெளியே வரும். பழைய சூப்பர்வைசரை நீக்கச் சொல்லவில்லை. உட்கார வைத்துப் பேசுங்கள். அவருக்குத் தெரிந்த தொழிலை அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்று மாதம் ஒரு தொகை தனியாகக் கொடுங்கள். புதுப் பையன் மூன்று மாதம் தாண்டினால் அவருக்கும் ஏதாவது கொடுங்கள். திட்டுகிற வாய் சொல்லிக்கொடுக்கிற வாயாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கொஞ்சம் வலிக்கும். உங்கள் விண்ணப்பப் படிவத்தில் 'சொந்த ஊர், தெரு' என்று ஒரு கட்டமும், அதற்குக் கீழே 'சமூகம்' என்று ஒரு கட்டமும் இருப்பதாக ஆஃபர் லெட்டரின் பின்னிணைப்பில் தெரிகிறது. நம் மாவட்டத்தில் இன்டர்வியூவில் 'எந்த ஊரு?' என்று கேட்டு, அடுத்ததாக 'ஊர்ல எந்தத் தெரு?' என்று கேட்டால், எதற்குக் கேட்கிறோம் என்று கேட்பவருக்கும் தெரியும், எதிரில் இருக்கிற பையனுக்கும் தெரியும். அந்த ஒரு கேள்வியில் பையன் முகம் சுருங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வேலை கிடைத்தாலும் அவன் முழு மனசோடு வரமாட்டான். லேத்து ஓட்ட இந்த இரண்டு கட்டமும் வேண்டாம். தபால் முகவரி போதும். அடித்துவிடுங்கள்.

வராமல் போன 4 பேர்: இது இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது, சென்னை ஐ.டி. கம்பெனி முதல் ஆம்பூர் ஷூ கம்பெனிவரை. கையில் இரண்டு மூன்று ஆஃபர் வைத்துக்கொண்டு கடைசி நாளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். போனை எடுக்காமல் இருப்பது தப்புதான், நான் அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பாருங்கள். அந்தப் பையன் உங்களிடம் வருவதற்கு முன் பத்து இடத்துக்குப் போயிருப்பான். 'சொல்லி அனுப்புகிறோம்' என்று அனுப்பிய ஒருவரும் சொல்லி அனுப்பியிருக்கமாட்டார்கள். நீங்கள் போன வருடம் வேண்டாம் என்று சொன்னவர்களில் எத்தனை பேருக்குப் போன் செய்தீர்கள்? இனி செய்யுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். 'தம்பி, இந்தத் தடவை இல்லை, அளவு எடுப்பதில் இன்னும் கொஞ்சம் பழகிக்கொள், ஆறு மாதம் கழித்து வா' என்று சொன்னால், அவன் தன் நண்பனை உங்களிடம் அனுப்புவான்.

பயோடேட்டாவை வைத்து ஆள் எடுப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஏஐயில் கேட்டால் ஒரு நிமிடத்தில் அழகான ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. எனக்கு வருகிற எல்லாத் தாளும் ஒரே ஆள் எழுதியது மாதிரி இருக்கிறது. பையனை நேராக மெஷின் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். கடைந்து வைத்த ஒரு ஜாப்பையும், அளவெடுக்கும் வெர்னியரையும் கையில் கொடுங்கள். வெளிவிட்டம் எவ்வளவு, உள்விட்டம் எவ்வளவு என்று படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஜாப்பைக் கையில் எடுக்கும்போதே பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறானா, அளவு எடுத்த பிறகு வெர்னியரைத் துடைத்து வைக்கிறானா, ஒரு தடவை பார்த்ததைச் சரிதானா என்று இன்னொரு தடவை பார்க்கிறானா. பத்து நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். அதே பத்து நிமிடத்தில் அவனும் உங்கள் ஷெட்டைப் பார்த்துவிடுவான். சூடு, சத்தம், கூலன்ட் வாசனை, டாய்லெட் எப்படி இருக்கிறது எல்லாம். பிடிக்காதவன் அன்றைக்கே போய்விடட்டும். சேர்ந்து பத்து நாளில் போவதைவிட அது இருவருக்கும் லாபம்.

ஒரகடம் போன அந்த ஒருவரைப் பற்றி. காலையில் முத்துக்கடையிலும் வாலாஜா டோல்கேட்டிலும் நின்று பார்த்தால் தெரியும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்கள் நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. இனி அவ்வளவு தூரம்கூட வேண்டாம். நம் மாவட்டத்திலேயே பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 9,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். ஏசி பஸ், கேன்டீன் சாப்பாடு, சம்பளம் இந்த மூன்றிலும் உங்களால் அவர்களோடு போட்டி போட முடியாது. போடவும் வேண்டாம்.

அவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. பெரிய லைனில் நிற்கிற பையன் எட்டு மணி நேரமும் ஒரே வேலையைச் செய்வான், ஒரே நான்கு போல்ட்டை முடுக்குவான். அதுவும் பயிற்சியாளர் என்ற பெயரில் ஓரிரு வருடம், அதற்கு அப்புறம் வேறு பேட்ச். உங்களிடம் ஒருவன் இரண்டு வருடம் இருந்தால் டிராயிங் படிப்பான், டூல் செட்டிங் பழகுவான், ஆஃப்செட் போடுவான், புரோகிராம் எழுதுவான். அது தொழில். எங்கே போனாலும் சோறு போடும். ஆனால் இதை நீங்கள் அவனிடம் சொன்னதே இல்லை. ஆஃபர் லெட்டரில் 'ஆப்பரேட்டர்' என்ற ஒரு வார்த்தைதான் இருக்கிறது. ஆறாவது மாதம் எந்த மெஷின், பன்னிரண்டாவது மாதம் என்ன சம்பளம், எப்போது தனியாக செட்டிங் கொடுப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எழுதியதைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒருவனுக்குச் சொன்னபடி செய்யாவிட்டால் 42 பேருக்கும் தெரிந்துவிடும்.

உங்கள் அப்பா காலத்தில் முப்பது வருடம் இருந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள்மேல் எனக்கும் மரியாதை உண்டு. அன்றைக்கு இந்தப் பக்கம் பெல் (பி.எச்.இ.எல்.) கம்பெனி, அதை நம்பிய யூனிட்டுகள், தோல் ஷாப், பீடி, இவைதான் வழி. இருந்தார்கள் என்பதில் விசுவாசமும் உண்டு, வேறு வழி இல்லாததும் உண்டு. இன்றைய பையனுக்கு வழி இருக்கிறது. தெரிந்தே, பிடித்துப்போய் ஒருவன் உங்களிடம் ஐந்து வருடம் இருந்தால், அதை முப்பது வருடத்துக்குக் குறைவாக நான் நினைக்கமாட்டேன்.

கான்ட்ராக்டர் வழியாக வடமாநில ஆட்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் வயிற்றுப்பாட்டுக்கு வருகிறவர்கள்தான். ஆனால் அவர்களுக்கும் அதே சூப்பர்வைசர், அதே பத்தரை மணி. அவர்களும் ஊருக்குப் போகிறேன் என்று போனால் திரும்ப மாட்டார்கள். கான்ட்ராக்டர் சம்பளமோ பி.எப்.போ கட்டாமல் விட்டால் கடைசியில் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். எடுத்தால் நேரடியாக, மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே லெட்டரோடு எடுங்கள். அவர்களுக்குப் புரிகிற மொழியில்.

உங்கள் 42 பேரில் ஷாப் ஃப்ளோரில் ஒரு பெண்கூட இல்லையே, ஏன்? ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூ கம்பெனிகளைத் தாங்கிக்கொண்டிருப்பது பெண்கள். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த பெண் பிள்ளைகள் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிறார்கள். இன்டர்வியூவில் 'கல்யாணம் ஆனால் என்ன செய்வாய்' என்ற கேள்வியோடு அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். முதல் ஷிப்டில் சிஎன்சிக்கு இரண்டு பேரை எடுத்துப் பாருங்கள். தனி டாய்லெட், உடை மாற்ற ஒரு அறை. பாலியல் புகார்களை விசாரிக்கும் உள் குழு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் 2013ஆம் வருடச் சட்டப்படி இருந்தாக வேண்டும். உங்களிடம் இல்லாவிட்டால் அதை இப்போதே அமைத்துவிடுங்கள்.

பணம் சம்பந்தமாக இரண்டு விஷயம். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தம் ஆட்களின் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம்வரை அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) எடுத்தாக வேண்டும். உங்கள் யூனிட் அதற்குள் வருகிறது. ஆறு பேர்வரை எடுக்கலாம், உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய்வரை, தேசிய அப்ரன்டிஸ் திட்டத்தில் மத்திய அரசு கொடுக்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளில் புது மெஷின்களோடு பயிற்சி மையங்கள் வந்துவிட்டன. பக்கத்து ஐடிஐ முதல்வரை நேரில் போய்ப் பாருங்கள், பையன்களை ஒருநாள் உங்கள் ஷெட்டுக்குக் கூட்டி வரச் சொல்லுங்கள். வேலைவாய்ப்பு இணையதளத்துக்குக் கட்டுகிற சந்தாவைவிட இது பலன் தரும்.

இரண்டாவது, பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கர் யோஜனா என்ற மத்திய அரசின் வேலைவாய்ப்புத் திட்டம். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31க்குள் முதன்முதலாக பி.எப்.பில் சேருகிறவருக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 15,000 ரூபாய்வரை, இரண்டு தவணையாகக் கிடைக்கும். முதல் தவணை ஆறு மாதம் வேலையில் இருந்தால், இரண்டாவது பன்னிரண்டு மாதம் இருந்து, இணையத்தில் ஒரு நிதிப் பயிற்சியையும் முடித்தால். உங்களைப்போல் 50 பேருக்குக் குறைவான நிறுவனம், இருக்கிற எண்ணிக்கைக்கு மேல் கூடுதலாக இரண்டு பேராவது எடுத்து ஆறு மாதம் வைத்திருந்தால், 14,500 சம்பளத்துக்கு ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் உங்களுக்கும் வரும். உற்பத்தித் துறை என்பதால் நான்கு வருடம்வரை. போனவர்களுக்குப் பதில் எடுக்கிற ஆள் இதில் கணக்கில்லை. அதனால் முதலில் இருப்பவர்களைத் தக்கவைக்க வேண்டும். புதிதாக வருகிற பையனிடம் சேருகிற அன்றைக்கே இதைச் சொல்லுங்கள். ஆறாவது மாதம் ஒரு தொகை காத்திருக்கிறது என்று தெரிந்தால் அவன் மூன்றாவது மாதக் கோபத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வான்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யத் தேவையில்லை. திங்கட்கிழமை காலை ஷிப்ட் தொடங்கும் முன் அந்த மூன்று பேரையும் உங்கள் அறைக்குக் கூப்பிடுங்கள். உட்காரச் சொல்லுங்கள். அவரவர் சர்ட்டிபிகேட்டை அவரவர் கையில் கொடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் 12,651 என்று எழுதிய புது லெட்டரைக் கொடுத்து, கணக்கை ஒவ்வொரு வரியாகச் சொல்லுங்கள். ஷூவுக்குப் பிடித்த பணத்தையும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒருவேளை ஒருவர் சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை வராமல் போகலாம், அதற்கும் தயாராக இருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். வந்தவர்கள் உங்களிடம் என்ன கேட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.